முட்டுக்கட்டை போடுங்க பாஸ்!

கிருஷ்ணன்கோவில் பக்கம் எந்த ஹாஸ்டல் ரூமுக்குள்ளே வேணும்னாலும் போய் ஒரு ஃபைனல் இயர் லேப்டாப்பைத் திறந்து பாருங்க ஃப்ரெண்ட்ஸ். ‘ப்ராஜெக்ட்’ன்னு ஒரு ஃபோல்டர் கண்டிப்பா இருக்கும். பக்கத்துலயே ‘ப்ராஜெக்ட் ஃபைனல்’. அதுக்குக் கீழே ‘ஃபைனல் நியூ’. இன்னும் கொஞ்சம் தள்ளி, ‘ஃபைனல் ஒரிஜினல் - யாரும் தொடாதீங்க’! டீம்ல ஒருத்தர் ராஜபாளையம், இன்னொருத்தர் ஸ்ரீவில்லிபுத்தூர்னா கேட்கவே வேண்டாம். நடுவுல இருக்கிற பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை பென் டிரைவ் தினமும் பஸ் ஏறிக் கடக்கும். வைவாவுக்கு முந்தின ராத்திரி, ‘நேத்து ஓடுச்சேடா, இன்னைக்கு ஏன் ஓடலை?’ என்று மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு நிப்பாங்க.

இந்தத் தலைவலிக்கு மருந்து ‘கிட்’ என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டு, எந்தப் பழைய நிலைக்கும் திரும்பிப் போக வழிவிடும் சாஃப்ட்வேர். சொல்லிக்கொடுக்க யூட்யூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த வாரம் நாம் பேசப் போவது கிட்டைப் பயன்படுத்துவது எப்படி என்பதை அல்ல. அந்தக் கிட்டுக்குள்ளேயே கை வைப்பது பற்றி. ‘நாமளா? கிட்டுலயா? போங்க பாஸ்’ என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். விஷயம் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். லினக்ஸ் கெர்னல் எழுதுகிறவர்கள் 2005 வரை பிட்கீப்பர் என்ற ஒரு கம்பெனிச் சரக்கைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். இலவசமாகத்தான் கொடுத்திருந்தார்கள். அதன் உள்விவகாரத்தை ஒருவர் நோண்டிப் பார்க்கப் போக, கம்பெனி கோபித்துக்கொண்டு இலவசத்தை நிறுத்திவிட்டது. லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3 அன்று புதிதாக ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7ஆம் தேதி கிட் தன்னுடைய கோடையே தனக்குள் சேமித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அதில் இருந்தது ஆயிரத்துச் சொச்சம் வரிகள், அவ்வளவுதான். உங்கள் மினி ப்ராஜெக்டே அதைவிடப் பெரிதாக இருக்கும்!

‘நாலு நாள்ல எழுதின மேதை’ என்று கதை சொல்கிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். நமக்கு அடுத்த பகுதிதான் முக்கியம். அதே 2005 ஜூலையில் லினஸ் கிட்டை ஜூனியோ ஹமானோ என்ற ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் கெர்னல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். 2025 ஏப்ரலில் கிட்டுக்கு 20 வயது நிறைந்தபோதும் பராமரிப்பாளர் அதே ஹமானோதான். இந்த இருபது வருடத்தில் அந்த ஆயிரம் வரியை இன்றைய கிட்டாக வளர்த்தது இரண்டு வரி, ஐந்து வரி, பத்து வரி என்று உலகம் பூராவும் இருந்து வந்த திருத்தங்கள். பேட்ச் என்று பெயர்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் வருகிறது. ஊரே வடம் பிடிக்கிறது. டிவி கேமராவும் வடத்தைத்தான் காட்டும். ஆனால் சக்கரத்துக்குக் கீழே குனிந்து, கையில் கட்டையோடு நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? எந்தச் சக்கரத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு சாய்வாகக் கட்டையைக் கொடுப்பது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தச் சின்னக் கட்டையால். செய்தித்தாளில் ‘முட்டுக்கட்டை போட்டார்’ என்றால் காரியத்தைக் கெடுத்தார் என்று அர்த்தம். தேரடியில் கேட்டால் அதுதான் ஸ்டியரிங்! (இப்போது இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. முன்பு நாள்கணக்கில் இழுத்த தேர் சில மணி நேரத்தில் நிலைக்கு வந்துவிடுகிறது. தேர் அதேதான், மாறியது அடியில் இருக்கிற சமாச்சாரம். இதுவும் நம்ம சப்ஜெக்ட்தான்.)

கிட்டில் ஒரு முட்டுக்கட்டையின் கதையைக் கேளுங்கள்.

அவசரத்தில் ‘கமிட்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தை விட்டுவிடுகிறீர்கள். ‘அப்படி ஒரு கமாண்டே இல்லை, ஒருவேளை கமிட் என்று சொல்ல வந்தீர்களா?’ என்று கிட் பணிவாகக் கேட்கும். ‘கேட்காதேப்பா, நீயே திருத்தி ஓட்டிக்கோ’ என்று சொல்ல 2008ல் ஒரு செட்டிங் கொண்டுவந்தார்கள். பெயர் ஆட்டோகரெக்ட். அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். திருத்திய கமாண்டை ஓட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த எண். கணக்கு விநாடியில் இல்லை, விநாடியில் பத்தில் ஒரு பங்கில்!

நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள்? 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப் என்று ஃபர்ஸ்ட் இயரிலிருந்து படித்தவர்கள் ஆயிற்றே. 1 என்று போட்டுவிடுவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் போட்டார்கள். கிட் அதை 0.1 விநாடி என்று எடுத்துக்கொண்டது. ‘ஐயோ வேண்டாம்’ என்று கன்ட்ரோல்-சி அழுத்த உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். கண் பார்த்துக் கை அழுத்த மனிதனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரமாவது வேண்டும். ஃபார்முலா ஒன் டிரைவராக இருந்தாலும் முடியாது. பதினாறு வருடத்துக்கு மேல் இது இப்படியே கிடந்தது. எல்லோருக்கும் எரிச்சல், யாரும் தொடவில்லை. கடைசியில் கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான ஸ்காட் சக்கான் சின்னதாக ஒரு பேட்ச் எழுதி அனுப்ப, 2025 மார்ச்சில் வந்த 2.49 வெர்ஷனில் அது சேர்ந்தது. இப்போது 1 என்றால் ‘ஆமாம், உடனே ஓட்டு’ என்று அர்த்தம்.

இதில் கவனிக்க வேண்டியது ஆளை அல்ல. கிட்ஹப்பையே தொடங்கிய மனுஷன், கிட்டைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவருக்கும் தனி வாசல் கிடையாது. பேட்சை எல்லோரும் பார்க்கும்படி அனுப்ப வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பினாலும் அதே கியூதான்.

அடுத்த கதை இன்னும் பெரிசு. நம் நாட்டு மாணவர் ஒருவர் ஆரம்பித்து வைத்தது.

கிட்டில் ‘பைசெக்ட்’ என்று ஒரு கமாண்ட். ‘நேத்து ஓடுச்சேடா’ பிரச்சினைக்கான வைத்தியர் இவர்தான். போன மாதம் ஓடிய ப்ராஜெக்ட் இன்றைக்கு ஓடவில்லை, நடுவில் ஆயிரம் மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தால் செமஸ்டரே முடிந்துவிடும். பைசெக்ட் நேராக நடுவில் இருக்கும் மாற்றத்தை எடுத்துக் கொடுத்து ‘இது ஓடுதா?’ என்று கேட்கும். ஓடினால் தப்பு பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். மறுபடி பாதி, மறுபடி பாதி. ஆயிரத்தையும் பத்தே சோதனையில் முடித்துக் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் 16 மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்த பைனரி சர்ச்தான் சாமி!

இந்த பைசெக்ட் ஆதியில் ஷெல் ஸ்கிரிப்டாக எழுதப்பட்டது. லினக்ஸில் பரவாயில்லை, விண்டோஸில் ஆமை. ஷெல் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு புது ப்ராசஸைக் கிளப்பும், விண்டோஸில் அது செலவான காரியம். அதனால் சி மொழிக்கு மாற்ற வேண்டும். ‘சரி, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடலாம்’ - நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்வோம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

ராஜபாளையத்தில் உங்கள் வீட்டில் யாராவது ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்திருந்தால் கேட்டுப் பாருங்கள். இழை அறுந்தால் மொத்த மிஷினையும் நிறுத்த மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்த கதிரில் மட்டும் இழையைப் பிடித்து ஒட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்வார்கள். பைசெக்ட் விஷயத்திலும் அதே டெக்னிக். ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் சி-யில் எழுதுவது. ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் மட்டும் புது சி ஃபங்ஷனைக் கூப்பிடும், மற்றதெல்லாம் பழையபடி. டெஸ்ட் எல்லாம் பாஸா? ஓகே. அடுத்த ஃபங்ஷன். எந்த நாளிலும், எந்தப் படியிலும், பைசெக்ட் வேலை செய்யாமல் நின்றது என்ற பேச்சே வரக்கூடாது.

2016ல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் வந்த பிரணித் பௌவா என்ற இந்திய மாணவர் இதைக் கையில் எடுத்தார். ஒரு கோடைக்காலம் போதவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து, அவுட்ரீச்சி என்ற இன்னொரு பயிற்சித் திட்டத்தில் வந்த தனுஸ்ரீ துமானே தொடர்ந்தார். பிறகு அதே திட்டத்தில் மிரியம் ரூபியோ. அப்புறம் இன்னும் சிலர். 2023 மார்ச்சில் வந்த 2.40 வெர்ஷனில்தான் பழைய ஸ்கிரிப்ட் முழுசாக விடைபெற்றது.

ஏழு வருஷம்! இதைப் படித்துவிட்டு, ‘இவ்வளவு லேட்டா?’ என்று கேட்டால் நீங்கள் மேனேஜர் மெட்டீரியல். ‘அத்தனை வருஷமும் ஒரு நாள்கூட யாருக்கும் தெரியாம மாத்திட்டாங்களா?’ என்று கேட்டால் இன்ஜினியர். எனக்கு இரண்டாவது கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்கும்.

சரி, நாம் எங்கே நுழைவது? கிட் டீம் அதற்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. சம்மர் ஆஃப் கோடுக்கு விண்ணப்பிப்பவர்கள் முதலில் ஒரு ‘மைக்ரோ ப்ராஜெக்ட்’ முடிக்க வேண்டும். பெயருக்கேற்ற மாதிரி துக்கடா வேலைதான். ஒரு உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிட்டைச் சோதிக்க ஆயிரம் டெஸ்ட் ஸ்கிரிப்ட் வாக்கில் இருக்கின்றன. பழைய ஸ்கிரிப்டுகளில் சில இடங்களில், ஒரு கிட் கமாண்டை ஓட்டி அது கொடுக்கும் விடையை பைப் போட்டு நேராக ‘கிரெப்’புக்கு அனுப்பியிருப்பார்கள். எதிர்பார்த்த வார்த்தையை கிரெப் கண்டுபிடித்தால் டெஸ்ட் பாஸ். பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே தெரியுமா? பைப் போட்டால், கடைசியில் இருக்கும் கமாண்ட் ஜெயித்ததா தோற்றதா என்பதை மட்டும்தான் ஷெல் பார்க்கும். கிட் அந்த வார்த்தையை அச்சடித்துவிட்டு அடுத்த நொடியே கிராஷ் ஆகி விழுந்தாலும், கிரெப் ‘கிடைச்சிருச்சு சார்’ என்று சல்யூட் அடிக்கும். டெஸ்ட் பாஸ்! சோதிக்க வேண்டிய ஆள் செத்துக் கிடக்க, பக்கத்தில் நின்றவனுக்கு மார்க் போட்ட கதை.

திருத்தம் என்ன? விடையை முதலில் ஒரு ஃபைலில் எழுது. கிட் ஒழுங்காக முடிந்தால் மட்டும் அந்த ஃபைலில் கிரெப் பண்ணு. ஒரு வரி இரண்டு வரியாகும், அவ்வளவுதான். ஆனால் இதைச் செய்ய உங்களுக்கு ஷெல் தெரிய வேண்டும், எக்ஸிட் கோட் தெரிய வேண்டும், அந்த டெஸ்ட் எதைச் சோதிக்கிறது என்று தெரிய வேண்டும். முக்கியமாக, ஏன் மாற்றுகிறோம் என்பதை நாலு வரி இங்கிலீஷில் எழுதத் தெரிய வேண்டும். அந்த நாலு வரிக்கும் ஒரு ஸ்டைல் இருக்கிறது. ‘மாற்றினேன்’ என்று எழுதக்கூடாது. ‘மாற்று’ என்று கோடுக்கு ஆர்டர் போடுவது மாதிரி எழுத வேண்டும். கடைசியில் உங்கள் பெயர், மெயில் ஐடியோடு ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று ஒரு கையெழுத்து. ‘இது என் வேலை, அல்லது இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு’ என்பதற்கான உறுதிமொழி அது. சாட்பாட் எழுதிக் கொடுத்ததை வாசிக்காமல் ஒட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் மாட்டப் போவது சாட்பாட் இல்லை.

இங்கேதான் ஒரு கசப்பான சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு திருவிழா உண்டு. 2020 அக்டோபரில் அதன் ஆஃபர் என்னவென்றால், ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளுக்கு நாலு திருத்தம் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் ஃப்ரீ. நம்ம ஊர் யூட்யூப் சானல் ஒன்று, ‘இப்படித்தான் திருத்தம் அனுப்பணும்’ என்று ஒரு டெமோ காட்டியது. சும்மா ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பிக் காட்டினார்கள். அவ்வளவுதான். எங்கெங்கோ இருந்த ப்ராஜெக்டுகளில் எல்லாம் ‘சூப்பர் ப்ராஜெக்ட்’ என்று ஒரு வரி, ஒரு ஆச்சரியக்குறி, ஒரு காலி இடம் என்று ‘திருத்தங்கள்’ மலைபோலக் குவிந்தன. சம்பளம் வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து அவற்றைப் பராமரிக்கும் ஆட்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, மூட வேண்டியதாயிற்று. மாதம் பிறந்து சில நாட்களிலேயே ‘சம்மதிக்கிற ப்ராஜெக்டுக்கு மட்டும் அனுப்பலாம்’ என்று விதியையே மாற்ற வேண்டி வந்தது. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ப்ராஜெக்டில் மறுபடி இதே கூத்து. டுடோரியலைப் பார்த்துவிட்டு அதில் போய்த் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பினார்கள் நம் மாணவர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, எதற்கு? எங்கேயோ கிண்டியதை டப்பாவில் அடைத்து ஊர்ப் பெயரை ஒட்டி விற்கிறார்கள் என்பதற்காகத்தானே? ஒரு வாய் போட்டவன், ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இவ்வளவுதானா?’ என்று முகம் சுளிப்பான். பாலைக் காய்ச்சுகிற நல்ல கடைக்காரருக்கும் சேர்த்துத்தான் அந்தச் சுளிப்பு. இந்தியப் பெயரோடு ஒரு பேட்ச் வந்தால் சிலர் திறக்கும் முன்பே பெருமூச்சு விடும் நிலை வந்ததற்கு நாலு டி-ஷர்ட்தான் காரணம். அடுத்து உண்மையாக உழைத்து அனுப்பப் போகும் ராஜபாளையத்துப் பொண்ணு, அந்தப் பெருமூச்சையும் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

சின்னத் திருத்தத்துக்கும் போலித் திருத்தத்துக்கும் அளவில் வித்தியாசமே இல்லை. இரண்டும் ஒரு வரிதான். இது இல்லையென்றால் யாருக்காவது ஏதாவது கெடுமா என்று கேட்டுப் பாருங்கள். பைப் கதையில் பதில் ஆமாம். ‘சூப்பர் ப்ராஜெக்ட்’ கதையில்? டி-ஷர்ட் மட்டும்தான் கெடும்.

இன்னொன்று. மதுரைப் பக்கம் போய் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து, ரிப்போர்ட் பைண்டிங்கோடு ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கி வருகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ‘எல்லாரும் பண்றாங்க’ என்பதுதான் அதற்கு வழக்கமான பதில். அப்பா மில்லில் ஓவர்டைம் பார்த்த காசு அது. இன்டர்வியூவில் ‘இந்த வரி ஏன்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் அந்த முழுப் ப்ராஜெக்டும் படுத்துவிடும். கிட்டில் இரண்டு வரி சேர்த்த ஆளை அதே கேள்வி கேளுங்கள், ஏற்கெனவே நாலு பேருக்குப் பதில் எழுதி வைத்திருப்பார். அனுப்பியது எல்லாம் சேர்ந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘காரணம் தெளிவா இல்லை’ என்று திரும்பி வரும். இரண்டாம் வெர்ஷன் அனுப்புவீர்கள். ‘ஸ்பேஸ் இருக்கிற இடத்துல டேப் வேணும்’ என்பார்கள். மூன்றாம் வெர்ஷன். சில நாள் பதிலே வராது. கோபப்படாதீர்கள், உங்களைப் பிடிக்காமல் இல்லை, படிக்க நேரமில்லை. ஒரு வாரம் கழித்து மரியாதையாக ஞாபகப்படுத்தலாம், தப்பில்லை.

ஒத்துக்கொண்டாலும் நேரே உள்ளே விட மாட்டார்கள். முதலில் ‘சீன்’ என்ற கிளையில் ஹமானோ சேர்த்து வைத்துப் பார்ப்பார். பிறகு ‘நெக்ஸ்ட்’. அங்கே சில நாள் ஊற வேண்டும். யாரும் குறை சொல்லவில்லை என்றால் ‘மாஸ்டர்’. அதிலிருந்துதான் அடுத்த ரிலீஸ். பிறகு உலகத்தில் யார் கிட்டின் சோர்ஸை இறக்கினாலும் அந்த வரலாற்றில் உங்கள் பெயரும் கூடவே இறங்கும்.

செமஸ்டர் லீவில் ஆரம்பிக்கலாம். ராஜபாளையமா, ஸ்ரீவில்லிபுத்தூரா, இன்ஜினியரிங்கா, பாலிடெக்னிக்கா, பி.சி.ஏ.வா என்று யாரும் கேட்கப் போவதில்லை. சம்மர் ஆஃப் கோடே 2022லிருந்து மாணவர் அல்லாதவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். 18 வயது ஆகியிருந்தால் போதும். முதல் நாள் கிட்டின் சோர்ஸை இறக்கி உங்கள் மிஷினிலேயே பில்ட் பண்ணுங்கள். லினக்ஸ் இருந்தால் நல்லது. டாக்குமென்டேஷன் ஃபோல்டரில் ‘மை ஃபர்ஸ்ட் கான்ட்ரிப்யூஷன்’ என்று ஒரு பாடம் இருக்கிறது, ஒரு பேட்சை எழுதி அனுப்புவது வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். இரண்டாம் நாள் டெஸ்ட் முழுவதையும் ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போங்கள், பழைய லேப்டாப் என்றால் தூங்கி எழுந்தும் வரலாம். மூன்றாம் நாள் டெஸ்ட் ஃபோல்டரில் ஏதாவது ஒரு ஸ்கிரிப்டைத் திறந்து மேலிருந்து கீழே வரை படியுங்கள். மாற்றாதீர்கள், படியுங்கள் போதும். புரியாத வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று ‘கிட் பிளேம்’ சொல்லும், ஏன் எழுதினார்கள் என்று ‘கிட் லாக்’ சொல்லும். அந்த லாகில் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் தேதியோடு நேர மண்டலமும் இருக்கும். நிறைய இடத்தில் ஐரோப்பா, அமெரிக்கா. அங்கங்கே +0530 என்றும் வரும். அவர்கள் எழுதிய முதல் பேட்ச் எது என்று தேடி, அது எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள்.